4. பாதப் பராமரிப்பு: ஈர மண்ணில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு

ஆயர் தாவாரிலோ, பக்கத்தில் சித்தியவான், புருவாஸ், பந்தாய் ரெமிஸ் பக்கமோ இருந்துகொண்டு, வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓடி, 10 கி.மீ. வரை வந்துவிட்டீர்கள். அடுத்து 21.1 கி.மீ. அரை மாரத்தானில் கண் இருக்கிறது. இந்த அத்தியாயம் உங்களுக்கு.

ஓட்டம் பற்றிக் கடைகளில் கிடைக்கும் நூல்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் சப்பாத்து பற்றி முப்பது பக்கம் இருக்கும், ஈரம் பற்றி அரைப் பக்கம்கூட இருக்காது. நம் ஊரில் நிலைமை வேறு. விடியற்காலையிலேயே காற்று கனத்துக் கிடக்கிறது. மூன்றாவது கிலோமீட்டரில் காலுறை நனைந்துவிடும், மாலை மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். ஊறிய தோல் எளிதில் உரியும், பூஞ்சை பிடிக்கும், சிறு கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகும். எனவே இங்கே பாதத்தைக் காப்பதில் பாதி வேலை அதைக் காய வைப்பதுதான். மறுபாதி, தூரத்தைத் திடீரென ஏற்றாமல் இருப்பது. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் துணை.

ஓடும் தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

*தார்ச் சாலை.* ஈப்போ–லுமுட் நெடுஞ்சாலை, அதாவது 5ஆம் எண் சாலை, ஓடுவதற்கு உரிய இடமல்ல. லோரிகளும் கார்களும் போகிற வேகத்தில் ஓரத்தில் ஓடுகிறவரைக் கவனிக்க நேரம் இருக்காது. தாமான்களின் உள்சாலைகளில் ஓடுங்கள். வாகனம் இடப்பக்கம் போகும் நாடு இது, ஆகவே நீங்கள் வலப்பக்கமாக, வண்டிகளை எதிர்கொண்டு ஓட வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மழைநீர் கால்வாய்க்கு வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையின் ஓரம் சரிந்திருக்கும். அதே ஓரத்தில் மணிக்கணக்கில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும், கணுக்காலும் முழங்காலின் வெளிப்புறமும் நாளடைவில் வலிக்கும். வண்டி குறைவாக உள்ள உள்சாலையில் நடுப்பகுதியை ஒட்டி ஓடுங்கள். பள்ளித் திடலோ பூங்காப் பாதையோ கிடைத்தால் அரை நேரம் இடஞ்சுழியாகவும் அரை நேரம் வலஞ்சுழியாகவும் சுற்றுங்கள். ஈப்போ போனால் போலோ திடலும் டி. ஆர். சீனிவாசகம் பூங்காவும் சமதளமானவை.

*தோட்டச் சாலை.* ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை. செம்மண் பாதை தாரைவிட மென்மையானது, நெடுந்தூர ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்த தரையும் அதுதான். ஆனால் அதில் நான்கு பொறிகள் உண்டு: மழைக்குப் பின் வழுக்கும் களிமண், டிராக்டர் சக்கரம் போட்ட குழி, பாதையோரம் வெட்டிப் போட்ட மட்டையின் முள், அறுவடை நாளில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழம். கடைசியாகச் சொன்னதைப் புதியவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள உருண்டைப் பழத்தின் மேல் குதிகால் பட்டால் கணுக்கால் திரும்பிவிடும். அறுவடை நடக்கும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளே போகுமுன் காவல் சாவடியில் கேட்டுக்கொள்வது மரியாதை, பாதுகாப்பும்கூட.

*கடற்கரை மணல்.* தெலுக் பாத்தேக் மணலில் வெறுங்காலோடு ஓடலாம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பலருக்கும் ஆசை வரும். தளர்ந்த மணலில் குதிகால் ஆழமாக இறங்கி, குதிகால் நரம்பு வழக்கத்தைவிட நீளமாக இழுபடும். முதல் நாள் பத்து நிமிடம் போதும். அலை வந்து போன கெட்டி மணலில், நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஓடுங்கள்.

சப்பாத்து வாங்கும் முறை

1. மாலையில் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அதே அளவுதான்.
2. ஓடும்போது அணியும் காலுறையைக் கொண்டுபோய், அதோடு போட்டுப் பாருங்கள்.
3. எழுந்து நின்று அளவு பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதிலிருந்து அளக்க வேண்டும்.
4. இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பது அரிது. பெரிய பாதத்துக்கு வாங்குங்கள்.
5. உள்ளே விரல்களை விரித்துப் பாருங்கள். பக்கவாட்டில் அழுத்தினால் நீளத்தைக் கூட்டிப் பயனில்லை, அகலமான வகையைக் கேளுங்கள்.
6. கடைக்குள்ளேயே மெதுவாக ஓடிப் பாருங்கள். குதிகால் மேலே நழுவினால் கீழே சொல்லும் முறையில் கயிறு கட்டிப் பாருங்கள். அப்படியும் நழுவினால் அந்த ஜோடி வேண்டாம்.

*குதிகால் பூட்டு.* கயிற்றை வழக்கம்போல் கோத்துக்கொண்டு வந்து, கடைசித் துளைக்கு வரும்போது குறுக்கே போகாமல் அதே பக்கத்துத் துளையில் நுழைத்து ஒரு சிறு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது, விரல்கள் முன்னால் மோதாது. லுமுட்டின் புக்கிட் எங்கு பூசு போன்ற குன்றுகளில் இறங்கும்போது நகம் கறுக்காமல் இருக்க இது பெரிதும் உதவும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. உள்ளே கார்பன் தகடு வைத்த சப்பாத்து இப்போது எல்லாக் கடைகளிலும் மின்னுகிறது. அரை மாரத்தானை இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் ஒருவருக்கு அது தேவையே இல்லை. அந்தக் காசுக்குச் சாதாரண சப்பாத்து இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு ஜோடி நன்றாகக் காய நம் ஊர்க் காற்றில் ஒரு நாள் முழுதும் ஆகும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தினமும் ஓடினால் ஈரச் சப்பாத்தில்தான் ஓடுகிறீர்கள்.

ஆயுள்: பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை. அடிப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்தாலோ, மேசையில் வைத்துப் பார்க்கும்போது சாய்ந்து நின்றாலோ கணக்கைப் பார்க்காமல் மாற்றுங்கள்.

*ரப்பர் சப்பாத்து.* பால் வெட்டப் போனவர்கள் போட்ட, ஒரே வார்ப்பாக வரும் கறுப்பு ரப்பர் சப்பாத்தை இன்று மலையேறிகளும் காட்டு ஓட்டக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். 'அடிடாஸ் கம்போங்' என்று அதற்குச் செல்லப் பெயர், ஜெர்மன் நிறுவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. விலை மலிவு, சேற்றில் அதன் பிடிமானத்துக்கு ஈடில்லை. ஆனால் மெத்தை கிடையாது, காற்று புகாது, உள்ளே வேர்வை தேங்கும். களிமண் பாதையில் குறுகிய ஓட்டத்துக்கு, தடித்த காலுறையோடு, ஓர் அளவு பெரிதாக வாங்கிப் போடலாம். தார்ச் சாலையில் நெடுந்தூரம் வேண்டாம்.

ஈரத்தை எதிர்கொள்ளும் வரிசை

*ஓடுவதற்கு முன்*

1. பருத்திக் காலுறையை ஒதுக்கிவிடுங்கள். அது வேர்வையைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டி நிற்கும். பாலியெஸ்டர், நைலான் கலந்த ஓட்டக் காலுறை போதும். விரல்களுக்கிடையே கொப்புளம் வருகிறவர்கள் ஐந்து விரல் காலுறை போட்டுப் பார்க்கலாம்.
2. வழக்கமாக உரசும் இடங்களில், அதாவது பெருவிரலின் பக்கவாட்டிலும் குதிகாலின் பின்புறமும் வாசலின் மெல்லப் பூசுங்கள். அதே இடத்தில் டேப் ஒட்டப் போகிறீர்கள் என்றால் வாசலின் வேண்டாம், இரண்டும் சேராது.
3. டேப் ஒட்டுவதாக இருந்தால் ஓட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே, உலர்ந்த தோலில், சுருக்கமில்லாமல், மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும்.

*ஓட்டத்தின்போது*

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது வெயிலுக்கு நல்லது, ஆனால் குனிந்துகொண்டு ஊற்றுங்கள். நேராக நின்று ஊற்றினால் அது கால்வழியே இறங்கிச் சப்பாத்துக்குள் போய்ச் சேரும். 15 கி.மீ.க்கு மேல் ஓடும் நாளில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதத்துக்குத் தூரத்தைவிட நேரமே பெரிய கணக்கு. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கி.மீ. நடைப் போட்டியில் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். அதற்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆனது, அதுவும் இதே வெப்பத்தில். நம்மில் மெதுவாக ஓடுகிறவர் ஒரு முழு மாரத்தானில் அதைவிடக் கூடுதல் நேரம் ஈரக் காலுறைக்குள் பாதத்தை வைத்திருக்கிறார். வேகம் குறைந்தவருக்குத்தான் இந்தப் பகுதி அதிகம் தேவை.

*ஓடி முடித்தபின்*

1. வீட்டுக்கு வந்ததும் முதலில் சப்பாத்தைக் கழற்றுங்கள், பசியாறுவது பிறகு.
2. கால் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாகத் துடையுங்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே சேற்றுப்புண் பாதி குறையும்.
3. சப்பாத்தின் உள்தட்டை உருவி வெளியே வையுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும், மாற்றுங்கள்.
4. நிழலில், காற்றாடிக்கு முன்னால் காய வையுங்கள். உச்சி வெயிலில் போட்டால் ஒட்டுப்பசை விட்டுப்போகும்.

மாலையில் ஐந்து நிமிடப் பாதப் பார்வை

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து இந்த வரிசையில் பாருங்கள்.

1. விரலிடுக்குகள்: வெண்மையாக ஊறியிருக்கிறதா, வெடிப்பு உண்டா?
2. நகங்கள்: கறுத்திருக்கிறதா, ஓரம் சிவந்து வலிக்கிறதா?
3. உள்ளங்கால்: சிவந்த இடம், முள், கொப்புளம். குனிந்து பார்க்க முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.
4. குதிகால் நரம்பை இரு விரலால் கிள்ளிப் பிடித்து மேலிருந்து கீழே வாருங்கள். தடித்த இடமோ வலிக்கும் இடமோ உண்டா?
5. பாதத்தின் மேற்புற எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்துங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்ற வலி இருந்தால் அதைக் குறித்துவையுங்கள். ஏன் என்று கீழே வரும்.

கொப்புளம்

கொப்புளத்துக்கு முன்னறிவிப்பு உண்டு. ஓர் இடத்தில் மட்டும் சூடாக எரியும். அப்போதே நின்று, காலுறையைச் சரிசெய்து, டேப் ஒட்டுங்கள். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓடினால் இரண்டு வாரம் வீட்டில் உட்கார நேரும்.

சிறிய, வலிக்காத கொப்புளத்தைத் தொடாதீர்கள். பெரிதாகி, இறுகி, நடக்கவிடாமல் வலித்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்:

1. கையையும் அந்த இடத்தையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
2. மருந்தகத்தில் வாங்கிய புதிய கிருமியற்ற ஊசியை எடுங்கள். சட்டையில் குத்தியிருக்கும் ஊக்கு வேண்டாம்.
3. கொப்புளத்தின் அடி ஓரத்தில் இரண்டு மூன்று துளை இடுங்கள். உச்சியில் குத்தக் கூடாது.
4. துணித்துண்டால் மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்காதீர்கள், அடியிலுள்ள புதுத் தோலுக்கு அதுவே மூடி.
5. ஒட்டாத மருந்துத்துணி வைத்துக் கட்டி, தினமும் மாற்றுங்கள்.

சுற்றிலும் சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல், காலில் மேல்நோக்கிப் போகும் சிவப்புக் கோடு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் கொப்புளத்தைத் தாங்களே குத்தக் கூடாது.

சேற்றுப்புண், நகம், ஆணி

விரலிடுக்கில் அரிப்பு, வெள்ளைத் தோல், நாற்றம் இருந்தால் பூஞ்சை என்று கொள்ளலாம். மருந்தகத்தில் டெர்பினஃபின் அல்லது க்ளோட்ரிமசோல் களிம்பு கிடைக்கும். பெரும்பாலோர் செய்யும் தவறு, அரிப்பு நின்ற மூன்றாம் நாளே களிம்பையும் நிறுத்திவிடுவது. டெர்பினஃபின் என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம், க்ளோட்ரிமசோல் என்றால் சுமார் நான்கு வாரம், உறையில் சொன்னபடி முழுதாகப் பூசுங்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கால் துடைக்கும் துண்டைத் தனியாக வையுங்கள்.

நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைக் குடைந்து வெட்டினால் சதைக்குள் வளரும். கறுத்த நகம் பெரும்பாலும் சப்பாத்தில் மோதியதால் வந்த இரத்தக்கட்டு, தானாகவே விழுந்து முளைக்கும். அடிபட்ட நினைவே இல்லாமல் கறுத்து, மாதக்கணக்கில் நகராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் செதுக்காதீர்கள். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு இரவில் பூசிக் காலுறை போட்டுத் தூங்குங்கள்.

முள், தண்ணீர், பாம்பு

செம்பனை முள்ளைச் சாதாரண முள்ளாக எண்ண வேண்டாம். நுனி ஒடிந்து உள்ளேயே தங்கும் பழக்கம் அதற்கு உண்டு. மூட்டருகே தங்கினால் வாரங்கள் கழித்து அந்த மூட்டு வீங்கும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில்தான் பிடிபடும். 'முள்ளை எடுத்துவிட்டேன், ஆனாலும் வீக்கம் போகவில்லை' என்றால் மருத்துவரிடம் முள் குத்திய கதையை நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆழமாகக் குத்தினால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சரிபாருங்கள்.

காலில் வெட்டோ உரிந்த கொப்புளமோ இருக்கும் நாளில் தோட்டத்துத் தேங்குநீரில் இறங்காதீர்கள். செம்பனைக் காட்டில் எலி அதிகம், அதன் சிறுநீர் கலந்த நீர் புண் வழியாக எலிக் காய்ச்சலைக் கொண்டுவரும். நனைய நேர்ந்தால் வீடு வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அது ஓட்டத்தின் அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக்கில் "சேற்றுத் தண்ணீரில் ஓடினேன்" என்று சொல்லுங்கள்.

எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும். இங்கே ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக விடியும், ஆகவே காலை ஐந்தரைக்கு ஓடுகிறவர்கள் தலைவிளக்கு இல்லாமல் தோட்டத்துக்குள் போகவே கூடாது. கடித்துவிட்டால்: கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 999க்கு அழையுங்கள். மோதிரம், கொலுசு, சப்பாத்தைக் கழற்றுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் தீங்கு. பாம்பைத் துரத்திக்கொண்டு போவதும் வேண்டாம்.

குதிகால் வலியும் குதிகால் நரம்பு வலியும்

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் ஆணி குத்துவதுபோல் வலித்து, பத்துப் பதினைந்து அடிக்குள் குறைந்தால், அது பெரும்பாலும் உள்ளங்கால் சவ்வின் கோளாறு. இதற்கு இரண்டு பயிற்சி:

1. *படுக்கையை விட்டு இறங்குமுன்.* வலிக்கும் காலை மறுகாலின் முழங்கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் முன்னங்காலை நோக்கி வளையுங்கள். உள்ளங்கால் இறுகுவது தெரியும். 10 விநாடி, 10 முறை. நாளுக்கு மூன்று வேளை.
2. *படியில்.* ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். 12 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். எளிதானதும் முதுகுப்பையில் புத்தகமோ அரிசிப் பொட்டலமோ போட்டுப் பாரத்தை ஏற்றுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் கைவிடுகிறவர்கள்தான் 'அது எனக்கு வேலை செய்யவில்லை' என்பவர்கள்.

வலி குதிகாலுக்குப் பின்னால், நரம்பின் நடுப்பகுதியில் இருந்தால் பயிற்சி சற்று மாறும். இரு காலாலும் உயர்ந்து, வலிக்கும் ஒற்றைக் காலால் மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். முழங்கால் நேராக 15 முறை மூன்று சுற்று, பிறகு முழங்காலை மடக்கி அதே அளவு. காலையும் மாலையும், 12 வாரம். சுவீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது, இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆனால் நரம்பு குதி எலும்போடு சேரும் இடத்திலேயே வலித்தால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையில் செய்யுங்கள்.

எச்சரிக்கை: ஓடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல், 'பட்' என்று சத்தம் கேட்டு, அதன்பின் குதிகாலை உயர்த்த முடியாமல் போனால் நரம்பு அறுந்திருக்கலாம். தைலம் தேய்த்துப் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

சுளுக்கா, எலும்பு முறிவா?

கணுக்கால் திரும்பியவுடன் உருவிவிடுகிறவரைத் தேடிப் போவது நம் வழக்கம். முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தித் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டும், முறிவு இருந்தால் நிலைமை மோசமாகும். முதலில் பின்வருவனவற்றைப் பாருங்கள். எது ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே தேவை, ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்குப் போங்கள்:

- அடிபட்ட உடனும், பிறகும், நான்கு அடி நடக்க முடியவில்லை.
- உள், வெளிக் கணு எலும்புகளின் பின் ஓரத்தை அழுத்தினால் வலிக்கிறது.
- பாதத்தின் வெளி ஓர நடுவில் துருத்தும் எலும்பை, அல்லது உள்பக்க வளைவின் உச்சியிலுள்ள எலும்பை அழுத்தினால் வலிக்கிறது.

இவை இல்லையென்றால் மீள்கட்டுத்துணியால் கட்டி, உயர்த்தி வைத்து, வலி விடும் அளவுக்கு மெதுவாக நடங்கள். வலி தணிந்ததும் பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் சுவர் இருக்கும்படி. ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவதற்குக் காரணம், இந்தச் சமநிலைப் பயிற்சியைச் செய்யாமலே ஓடத் தொடங்குவதுதான்.

இன்னொரு வகை முறிவு அடிபடாமலே வரும். தூரத்தை ஏற்றிக்கொண்டே போகும்போது பாத எலும்பில் நுண்விரிசல் விழும். மாலைப் பார்வையில் ஒரே புள்ளியில் வலி, ஓட ஓடக் கூடும் வலி, இரவில் படுத்தபின்னும் விண்விண்ணென்ற தெறிப்பு ஆகியவை அதன் அடையாளம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். 'படத்தில் ஒன்றுமில்லை' என்று மறுநாளே ஓடப் போகாதீர்கள், வலி இருந்தால் மீண்டும் காட்டுங்கள். பாதத்தின் மேற்புறம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் நடுவில் இருக்கும் புள்ளி வலி மிக ஆபத்தானது. அங்குள்ள எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதற்குப் பல மாதம் ஆகலாம்.

தூரத்தை ஏற்றும் முறை

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதே என்பது பழைய விதி. 2025இல் வெளியான, 5,200 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு அதைக் கொஞ்சம் திருத்திச் சொன்னது: வாரக் கணக்கைவிட ஒற்றை ஓட்டத்தின் நீளமே முக்கியம், கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஓடினால் காயம் கூடுகிறது. நடைமுறையில்:

1. கடந்த 30 நாளில் உங்கள் மிக நீண்ட ஓட்டம் எது என்று நோட்டில் எழுதுங்கள். 10 கி.மீ. என்றால் அடுத்தது 11.
2. மூன்று வாரம் ஏற்றி, நான்காம் வாரம் குறையுங்கள்.
3. தூரம் ஏற்றும் வாரத்தில் வேகத்தை ஏற்றாதீர்கள், புதுச் சப்பாத்துக்கும் மாறாதீர்கள்.
4. தீபாவளி, நோன்புப் பெருநாள் விடுமுறையில் மூன்று நான்கு வாரம் ஓடாமல் இருந்துவிட்டால், பழைய தூரத்தை மறந்துவிட்டுப் பாதியிலிருந்து தொடங்குங்கள். நண்பர்களோடு போட்டிக்குப் பதிந்துவிட்டோமே என்று ஓடுவதில்தான் பெரும்பாலான காயங்கள் வருகின்றன.

அடி எடுத்து வைப்பது நீளமாக இருந்தால் அடிகளைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கான எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து விழுக்காடு கூட்டிப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் காலில் விழும் பாரம் குறையும்.

வெறுங்காலோட்டம்

தோட்டத்துப் பள்ளிகளில் வெறுங்காலோடு ஓடிப் பரிசு வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. "நாங்க எல்லாம் சப்பாத்து போட்டா ஓடினோம்?" என்று கேட்பார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அபெபே பிகிலாவும் வெறுங்காலோடுதான் மாரத்தானை வென்றார், இந்தியாவின் ஷிவ்நாத் சிங் 1976 மான்ட்ரியலில் வெறுங்காலோடு ஓடிப் பதினொன்றாவதாக வந்தார். அவர்கள் சிறு வயது முதல் அப்படியே நடந்து வளர்ந்தவர்கள். அலுவலகத்தில் சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கும் பாதம் ஒரு மாதத்தில் அப்படி மாறாது. அந்தக் காலத் தோட்டங்களில் வெறுங்காலின் வழியாகக் கொக்கிப்புழு ஏறி எத்தனையோ பேரை இரத்தசோகையில் தள்ளியதையும் பெரியவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஆசை இருந்தால் சுத்தமான புல்திடலில், ஓட்டம் முடிந்தபின் ஐந்து நிமிடம், வாரத்தில் இரண்டு நாள் எனத் தொடங்குங்கள். கெண்டைக்கால் மறுநாள் வலித்தால் கூட்டாதீர்கள்.

தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக்குக் காவடியோ பால்குடமோ எடுப்பவர்கள் ஓட்டக்காரர்களாகவும் இருந்தால்: சூடான தாரில் வெறுங்காலோடு நடந்த உள்ளங்காலில் கொப்புளம் மேலே தெரியாமல் தடித்த தோலுக்கு அடியில் இருக்கும். நேர்த்திக்கடன் முடிந்த அன்று இரவு கால் கழுவி நன்றாகப் பாருங்கள். வெறுங்காலோடு வீட்டுத் தரையில் வலியில்லாமல் நடக்க முடிகிறவரை ஓட வேண்டாம். தைப்பூசத்தை ஒட்டிய வாரத்தில் நீண்ட ஓட்டத்தைத் திட்டமிடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். ஓடுவது அதற்கு மிக நல்லது, ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் எரிவதே தெரியாது, மேலே சொன்ன முன்னறிவிப்புகள் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

1. தொடங்குமுன் அரசாங்கக் கிளினிக்கில் பாதப் பரிசோதனை செய்யுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பார்கள்.
2. வீட்டில் ஒரு சோதனை: கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் விரல் நுனியால் உங்கள் இரு காலின் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல்களை ஒவ்வொன்றாக, அழுத்தாமல் இலேசாகத் தொடட்டும். தொடும்போது வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் ஓட்டத்தை நிறுத்திவைத்து மருத்துவரைப் பாருங்கள்.
3. சப்பாத்தைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். சிறு கல், மடிந்த உள்தட்டு, பல்லி எதுவும் இருக்கலாம்.
4. வெறுங்காலோட்டம் வேண்டவே வேண்டாம்.
5. பாதத்தில் எந்தப் புண்ணும் ஒரு வாரத்தில் ஆறத் தொடங்காவிட்டால், சிறியதானாலும், காட்டுங்கள். இரு பாதத்தில் ஒன்று மட்டும் சூடாக, சிவந்து, வலியில்லாமல் வீங்கினால் அன்றைக்கே காட்டுங்கள், அந்தக் காலை ஊன்றாமல் போங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

நீண்ட ஓட்டத்துக்கும் போட்டி நாளுக்கும் ஒரே சிறு பை போதும்: உலர்ந்த காலுறை ஒரு ஜோடி, முன்கூட்டியே வெட்டி வைத்த டேப் துண்டுகள், ஒட்டாத மருந்துத்துணி இரண்டு, வாசலின் சிறு டப்பா, மீள்கட்டுத்துணி, முள் எடுக்கும் இடுக்கி, பிளாஸ்டிக் பையில் கைத்தொலைபேசி, பஸ்ஸிலோ கிராப் வண்டியிலோ திரும்பப் பத்து இருபது வெள்ளி. போட்டி முடிந்ததும் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி சிலிப்பரைக் காரில் விட்டுவையுங்கள். ஈரச் சப்பாத்தோடு ஈப்போவிலிருந்து ஆயர் தாவார் வரை உட்கார்ந்து வருவது பாதத்துக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட ஊறல்.